குளிர் இணைவு பாய்லராம், 1 யூனிட் போட்டால் 7 யூனிட் வருமாம். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

நண்டு_ஷெட்_மண்டபம்

வணக்கம். மண்டபம் பக்கம் சின்னதாக நண்டு அவிக்கும் ஷெட் வைத்திருக்கிறேன். விடிகாலையில் நண்டு வலைக்காரர்கள் கரைக்கு வந்ததும் எடை போட்டு வாங்கி, ஆவியில் அவித்து, ஆறவைத்து, ஐஸ் போட்டு வண்டி ஏற்றிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஷெட்டில் வேலை இருந்தால் அன்றைக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பாய்லருக்குச் சீமைக்கருவேல விறகுதான். ஐப்பசி மழையில் விறகு நனைந்துவிட்டால் புகை வரும், ஆவி வராது. நண்டு கூடையில் கிடக்கும், வலைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் டெமோ என்று என் தம்பி கூட்டிக்கொண்டு போனான். மேஜைமேல் ஒரு ஸ்டீல் பெட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் அளவு இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய் உள்ளே போகிறது. மறுபக்கம் ரப்பர் ஹோஸ். அதன் முனை பாத்ரூம் சாக்கடை ஓட்டைக்குள் போகிறது. நடுவில் ஒரு தடவை ஹோஸை வெளியே எடுத்துக் காட்டினார்கள். புஸ்ஸென்று ஆவி வந்தது, கண்ணால் பார்த்தேன். தெர்மாமீட்டர் 100 காட்டியது. கரண்ட் மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 1 யூனிட் ஓடியது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் போன தண்ணீர் 10 லிட்டர். லேப்டாப் வைத்திருந்தவர் கணக்குப் போட்டு, 10 லிட்டரை ஆவியாக்க 7 யூனிட் வேண்டும், மீதி 6 யூனிட் அணுவிலிருந்து வருகிறது என்றார். உள்ளே நிக்கல் பொடியும் ஹைட்ரஜனும் இருக்கிறதாம், அணுக்கள் ‘குளிராகவே’ இணைகிறதாம், கதிர்வீச்சு துளிகூட இல்லையாம். அமெரிக்காவில் 1989-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்று ஒரு வீடியோவும் போட்டார்கள்.

விலை 1,80,000. அட்வான்ஸ் 60,000. ஆறு மாதத்தில் டெலிவரி. தம்பி கொடுத்தே தீர வேண்டும் என்று நிற்கிறான். நான் பிளஸ் டூ வரை சயின்ஸ்தான் படித்தேன், அதனால் கணக்கோடு சொன்னால் புரிந்துகொள்வேன். இது நிஜமா? இது இல்லையென்றால், இந்த விறகுப் புகையிலிருந்து விடுதலை தருகிற மாதிரி வேறு ஏதாவது வரப்போகிறதா?

கரையோரம்

அக்கா, 1996-ல் மூலிகை பெட்ரோல் வந்ததே, மறந்துவிட்டதா? எங்கள் சித்தப்பா டிவிஎஸ் 50-ஐ வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இனிமேல் கொல்லையிலேயே டேங்க் ரொப்பலாம் என்று திரிந்தார். அந்த வண்டி துருப்பிடித்துப் போனதுதான் மிச்சம். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய_ஐஸ்பார்

தங்கச்சி, நான் பாம்பனில் ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் ஆபரேட்டர். படிப்பு ஐடிஐ. அம்மோனியா வாசனை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. மூலிகை பெட்ரோல் பொய் என்பதால் இதுவும் பொய் என்று நான் சொல்லமாட்டேன், அது நியாயம் இல்லை. அணு கிணு எல்லாம் அப்புறம் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். ஹோஸ் முனை ஏன் சாக்கடைக்குள் போனது?

கணக்குக் கேட்டீர்கள், இதோ. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் போதும். 100 டிகிரியில் நிற்கும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது கொதிக்க வைப்பது சில்லறைச் செலவு, ஆவியாக்குவதுதான் பெரிய செலவு. விறகு எரிக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. ஒரு யூனிட் கரண்ட் என்பது 3,600 கிலோஜூல். பத்து லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.81 யூனிட். அவ்வளவையும் ஆவியாக்க மேற்கொண்டு 6.27 யூனிட். கூட்டினால் 7.08. லேப்டாப்காரர் சொன்ன 7 இதுதான். அவர் கணக்கில் தப்பு இல்லை. பத்து லிட்டரும் ஆவியாகித்தான் வெளியே போனது என்று அவர் எப்படிச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

வெறும் ஹீட்டர் காயில் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று வையுங்கள். 1 யூனிட் போகிறது. 0.81 யூனிட்டில் பத்து லிட்டரும் 100 டிகிரிக்கு வந்துவிடும். மிச்சம் 0.19 யூனிட்டில் சுமார் 300 மில்லி தண்ணீர் ஆவியாகும். 300 மில்லிதானே என்று நினைக்காதீர்கள், அது ஆவியாக விரிந்தால் 500 லிட்டர் இடம் பிடிக்கும். ஹோஸ் வழியாகப் புஸ்ஸென்று வரத்தான் செய்யும்! மீதி 9 லிட்டர் 700 மில்லி வெந்நீராகவே ஹோஸின் அடியில் ஓடிச் சாக்கடையில் விழும். தெர்மாமீட்டர் இரண்டுக்கும் 100-தான் காட்டும், கொதிக்கிற தண்ணீருக்கும் 100, ஆவிக்கும் 100. ஹோஸைத் தூக்கிக் காட்டினார்கள் என்றீர்கள். தூக்கினால் தண்ணீர் பள்ளத்தில் தேங்கும், ஆவி மட்டும் மேலே வரும்.

2011-ல் இத்தாலியில் ஆந்த்ரேயா ரோஸி என்பவர் ‘ஈ-கேட்’ என்று ஒன்றை இதே நிக்கல், ஹைட்ரஜன் கதையோடு காட்டினார். அப்போதும் விவரம் தெரிந்தவர்கள் கேட்டது இதைத்தான்: வருவது காய்ந்த ஆவியா, தண்ணீர் கலந்த ஈர ஆவியா?

சரி, சோதனை சொல்கிறேன். மீட்டர், லேப்டாப் எதுவும் வேண்டாம். ஒரு வாளியில் 20 லிட்டர் பச்சைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் முனையை அதற்குள் அமுக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். ஆவியோ வெந்நீரோ, எது வந்தாலும் சூடு முழுக்க வாளிக்குள் இறங்கிவிடும், ஏமாற்ற முடியாது. 7 யூனிட் வேகத்தில் சூடு வந்தால் வாளித் தண்ணீர் 30-லிருந்து 75 டிகிரிக்கு மேல் போயிருக்கும், கை வைக்க முடியாது. 1 யூனிட் வேகம் என்றால் 36, 37. கையை விட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று. போட்ட கரண்ட்டைவிடச் சூடு அதிகமாக வந்தாலே அணு என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஐஸ் கம்பெனி கண்டென்சரில் 1 யூனிட் கரண்ட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு வெளியேறும். தொட்டித் தண்ணீரில் இருந்த சூட்டைப் பிடுங்கி அங்கே தள்ளுகிறது, அவ்வளவுதான். 31 வருஷம் பக்கத்தில் நின்றேன், ஒரு அணுவும் இணையவில்லை.

இயற்பியல்_பரமக்குடி

அண்ணே, ஹோஸைப் பிடித்துக்கொண்டு மொத்த விஷயத்தையும் சாக்கடையில் விடுகிறீர்கள். அந்த டெமோ மோசடியாகவே இருக்கட்டும். அதற்காகக் குளிர் இணைவே பொய் ஆகிவிடுமா? மார்ச் 23, 1989 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் அறிவித்தவர்கள் தெருவில் போகிறவர்கள் இல்லை. மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன் ராயல் சொசைட்டி உறுப்பினர், மின்வேதியியலில் உலகப் பெயர். கூட இருந்த ஸ்டான்லி பான்ஸ் அங்கே வேதியியல் துறையில் இருந்தவர். கனநீரில் பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். பல்லேடியம் தன் கனஅளவைப்போல் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சும் உலோகம். உள்ளே நெருக்கியடித்த டியூட்ரியம் (கனநீரில் இருக்கும் எடை கூடிய ஹைட்ரஜன்) அணுக்கள் இணைந்திருக்கலாம் என்பது அப்படி ஒன்றும் பைத்தியக்கார எண்ணம் இல்லை.

பம்பாயில் நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலேயே பி.கே. ஐயங்கார் இயக்குநராக இருந்தபோது பல குழுக்கள் இதில் இறங்கின. இணைவுக்கு அடையாளமான நியூட்ரானும் டிரிட்டியமும் (இன்னும் கனமான ஹைட்ரஜன்) கண்டதாக எழுதினார்கள். 2015-ல் பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் இதற்கென்று தனிப் பகுதியே போட்டது. மியூவான் என்ற துகளை வைத்துக் குறைந்த வெப்பத்தில் இணைவு நடப்பதை 1956-லேயே பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் குழு கண்ணால் பார்த்திருக்கிறது. எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்?

பழைய_ஐஸ்பார்

பொய் என்று நான் எங்கே தம்பி சொன்னேன். என் மகள் எம்எஸ்சி பிசிக்ஸ். அவள் படித்துச் சொன்னதையும் நான் தொழிலில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் பிளான்ட்டில் உப்புத்தண்ணித் தொட்டி நீளமாக இருக்கும், அதில் ஐஸ் கேன்களை இறக்கி வைப்போம். தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு ஃபேன் ஓடும். ஒரு நாள் ராத்திரி அந்த ஃபேன் பெல்ட் அறுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. தெர்மாமீட்டர் காயிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் மைனஸ் 12 காட்டிக்கொண்டே இருந்தது. நானும் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நோட்டில் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அந்தப் பக்கக் கேன்களைத் தூக்கினால் நடுவில் தண்ணீர் தளும்புகிறது. போட்டுக்காரர்கள் ஐஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். முதலாளி என்ன சொன்னார் என்று இங்கே எழுத முடியாது. நான் நோட்டில் எழுதியது பொய் இல்லை. தெர்மாமீட்டர் இருந்த இடத்துக் குளிரை மொத்தத் தொட்டியின் குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

1989 மே மாதம் பால்டிமோரில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்து நேத்தன் லூயிஸ் எழுந்து சொன்னதில் ஒன்று இதேதான்: அந்த யூட்டா சோதனைப் பாத்திரத்தில் திரவம் சரியாகக் கலக்கப்படவில்லை, தெர்மாமீட்டர் வைத்த இடத்தைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அந்த பெல்ட்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நியூட்ரான். இரண்டு டியூட்ரியம் இணைந்தால் ஏறக்குறைய பாதி தடவை ஹீலியம்-3 ஆகி ஒரு நியூட்ரானை உதறும், பாதி தடவை டிரிட்டியம் ஆகி ஒரு புரோட்டானை உதறும். இப்படி 1 வாட் சூடு வந்தாலே நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி நியூட்ரான் கிளம்பும். யூட்டாவில் சொன்ன சூட்டுக்கு அந்த லேபில் இருந்தவர்கள் உயிரோடு வந்து பேட்டி கொடுத்திருக்கவே முடியாது. பம்பாயில் கண்டது மாதிரி அங்கங்கே பார்த்தார்கள்தான். ஆனால் வேண்டும்போது வரவைத்துக் காட்ட யாராலும் முடியவில்லை. ஒரு நாள் ஐஸ் கட்டி மறுநாள் கட்டாத பிளான்ட்டை வைத்துப் போட்டுக்காரனுக்கு வாக்குக் கொடுக்க முடியுமா?

அமுக்கிவிட்டார்கள் என்ற கதையும் சரியில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1989-லும் 2004-லும் குழு போட்டுப் பார்த்தது. கூகுள் 2015 முதல் சுமார் 30 ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் கொடுத்துத் திரும்பச் செய்யச் சொன்னது. 2019-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று. அமுக்க நினைக்கிறவன் இப்படியா செலவு செய்வான்?

மியூவான் விஷயம் நூற்றுக்கு நூறு நிஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அதைத் தயாரிக்கிற செலவு, அது சாவதற்குள் இணைத்துத் தருகிற சக்தியைவிட அதிகம். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்த கதை.

இயற்பியல்_பரமக்குடி

ஃபேன் பெல்ட் கதை நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே ‘நேச்சரில்’ கனடாவிலிருந்து ஒரு கட்டுரை வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பல்லேடியத்தில் மின்வேதியியல் முறையில் டியூட்ரியத்தை ஏற்றினால் இணைவு சராசரியாக 15 சதவீதம் கூடுகிறது, நியூட்ரானை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அதில் முன்னால் நிற்பவர் கூகுள் குழுவிலும் இருந்த பெர்லிங்கெட்.

பழைய_ஐஸ்பார்

நல்லது, அதைத்தான் நானும் விரும்புகிறேன். சூட்டை விட்டுவிட்டு நியூட்ரானை எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், அது நேர்மையான வேலை. ஆனால் அங்கே டியூட்ரியத்தை வேகமாக எறிந்து இணைய வைக்கிறார்கள், அதன்மேல்தான் இந்த 15. போடுகிற கரண்ட்டோடு ஒப்பிட்டால் கிடைக்கிற சக்தி கணக்கிலேயே வராது. நண்டு அவிய அது போதாது தம்பி.

கீழக்கரை_இளையவன்

லாத்தா, நான் கமுதி சோலார் பார்க்கில் கொஞ்ச நாள் கான்ட்ராக்ட்டில் இருந்தேன். 648 மெகாவாட், 25 லட்சம் பேனல், 2016-ல் வந்தது. பேனலைத் துடைக்கவே ரோபோ. ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியாது. இவ்வளவு நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் உங்களுக்கு ஆவி வேண்டியது காலை நாலு மணிக்கு. அந்த நேரத்தில் சூரியன் எங்கே?

மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலை நட ஒன்றிய அரசு 2024 ஜூனில் பணம் ஒதுக்கியது, குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நன்றாகவே சுற்றும். ஆனால் எங்கள் வாப்பா கேட்கிற கேள்வி வேறு: தூணுக்கு நடுவில் வலை போடவிடுவார்களா? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லிக் கேட்டதில்லை. ஐஸ்பார் காக்கா, பெரிய இணைவு இருக்கிறதே, பிரான்சில் கட்டுகிறார்களே, அது எப்போது வரும்?

பழைய_ஐஸ்பார்

இட்டர். அதில் இந்தியாவும் பங்கு. அதன் காந்தங்களைக் குளிராக வைக்கும் பிரம்மாண்டமான வெளிக்கூடு, குளிர்கலம், நம் நாட்டில் செய்து அனுப்பியது. நடுவில் இணைவு நடக்கும் வாயுவில் 15 கோடி டிகிரி, சூரியன் நடுவில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. இப்போதைய திட்டப்படி ஆராய்ச்சி ஓட்டம் 2034, டியூட்ரியமும் டிரிட்டியமும் போட்டு எரிப்பது 2039. அதுவும் சோதனைதான், அதிலிருந்து கம்பி இழுத்து யாருக்கும் கரண்ட் கொடுக்கப்போவதில்லை.

அமெரிக்காவில் 2022 டிசம்பர் 5 அன்று லேசர் அடித்து இணைவைச் சாதித்தார்கள், 2.05 மெகாஜூல் போட்டு 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். பெரிய சாதனைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தங்கச்சிக்குப் புரிகிற மாதிரி யூனிட்டில் சொன்னால், கிடைத்தது 0.88 யூனிட். அந்த லேசரை இயக்க லைனிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட்.

எரிபொருளுக்குப் பஞ்சம் இல்லை என்பது உண்மை. ஆயிரம் லிட்டர் கடல்தண்ணீரில் 33 கிராம் டியூட்ரியம் இருக்கிறது. கனநீர் செய்ய இங்கே தூத்துக்குடியிலேயே ஆலை போட்டார்கள். அடுப்புதான் இன்னும் வரவில்லை.

தங்கச்சி, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டியது வேறு. மேல்கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்து, பகலில் சூடாகி ராத்திரி தேங்கிய தண்ணீரை 80 டிகிரியில் பாய்லருக்கு விட்டால் விறகு 8 சதவீதம் போல மிச்சம். மேலே போட்ட கணக்குதான், அதற்கு மேல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைவிட முதலில் ஆவி போகிற பைப்புக்குக் கண்ணாடிக் கம்பளி சுற்றுங்கள். சாக்கு சுற்றாதீர்கள், நனைந்தால் இன்னும் மோசம். விறகைக் காயவையுங்கள். ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், அந்த 2,257-தான் அங்கேயும்.

நண்டு_ஷெட்_மண்டபம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி டெமோ வைத்தார்கள். தம்பியை ஷெட்டில் நண்டு அள்ளுகிற பெயின்ட் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸில் தூக்கி வந்தான். ஹோஸை வாளியில் விடலாமா என்று நான் கேட்டதும், லேப்டாப்காரர் பேட்டன்ட் ரகசியம், கூடாது என்றார். இன்னொருவர், பாவம், அவர் நிஜமாகவே நம்புகிறவர் போலிருக்கிறது, விடுங்கள் பார்க்கட்டும் என்றார். 20 லிட்டர் பிடித்துப் பத்து நிமிஷம் விட்டோம். முதலில் கொஞ்சம் குமிழி வந்தது, அப்புறம் சத்தமே இல்லை.

தம்பிதான் கையை விட்டான். முழங்கை வரை விட்டான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுகூட இல்லை. ஹாலில் பத்துப் பேர் இருந்தோம், ஆளுக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தார்கள். நம்புகிறவர் மட்டும் இரண்டு தடவை விட்டார். லேப்டாப்காரர் இன்றைக்கு நிக்கல் பொடி சரியாக வேலை செய்யவில்லை என்றார். லேப்டாப்பில் அப்போதும் 7 என்றுதான் எழுதியிருந்தது.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது தம்பி ஒன்றும் பேசவில்லை. உச்சிப்புளி தாண்டியதும், அந்தக் கம்பளி ராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, மதுரைக்குப் போகணுமா என்று கேட்டான். ஐஸ்பார் அண்ணே, அதை மட்டும் சொல்லுங்கள். வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, விறகுக்குத் தார்ப்பாய் போடப் போகிறேன்.

பழைய_ஐஸ்பார்

ராமநாதபுரத்திலேயே பாய்லர் சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேளுங்கள். கையுறை போட்டுச் சுற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் தம்பிக்கு ரெண்டு நாள் அரிக்கும்.